கண்ணாடிச் சுரங்கத்தில் சிக்கியவர்கள்

சியூ-ஃபாங் அக்காவுக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் பதினோரு வருடம் அவர் வேலை பார்த்தது தண்ணீருக்கு அடியில்தான். தைவானில், ஹுவாலியன் கடற்கரை மேட்டில் இருக்கிறது எங்கள் பூங்கா. மேல்தளத்தில் நீர்ச்சறுக்குகளும் அலைக் குளமும். கீழே மீன் காட்சியகம். அதில் பெரிய தொட்டியின் அடியில் ஓடும் கண்ணாடிச் சுரங்கத்தைத் துடைப்பது அவர் வேலை. பிள்ளைகள் மூக்கை வைத்து அழுத்திய தடம், ஐஸ்கிரீம் கை, பெரியவர்களின் நெற்றி எண்ணெய் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும்.

பயந்த சுபாவம். தினமும் காலையில் கதவு திறப்பதற்கு முன் டார்ச் லைட்டோடு போய், கண்ணாடிப் பலகைகள் சேரும் கறுப்புப் பசை விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். எல்லோரும் அவரைக் கண்ணாடி டாக்டர் என்று கிண்டல் செய்வோம். பம்புகளைக் கவனிக்கும் திங் வென்-ஷுன் எதிரே வந்தால், “டாக்டரம்மா, நோயாளி எப்படி இருக்காரு?” என்று கேட்காமல் விடமாட்டார். “மூச்சு விடுறாரு” என்பார் அக்கா, சிரிக்காமல்.

அன்று செவ்வாய்க்கிழமை. பத்தரை மணி இருக்கும். மழலையர் பள்ளியிலிருந்து பதினெட்டுப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியோடு சுரங்கத்துக்குள் வந்தார்கள். கூட வந்த இரண்டு ஆசிரியைகளில் ஒருத்தி, வயிற்றுவலி என்ற ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பதினேழு பேரோடு உள்ளே இருந்தது யுன்-ஜியே டீச்சர் மட்டும்தான். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண்.

நிலம் ஆடுவது எங்களுக்குப் புதிதில்லை. ஆடினால் பேச்சை நிறுத்துவோம், நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அன்று எல்லோருடைய கைப்பேசியும் நிலநடுக்க எச்சரிக்கையோடு ஒன்றாக அலறியபோது தரை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. நிற்கவே இல்லை. நான் மேலே துண்டு வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் மேஜைக்கடியில் இருந்தேன். அலைக் குளத்தின் தண்ணீர் படிக்கட்டைத் தாண்டி என் முழங்கால்வரை வந்து போனது. கீழே என்ன நடந்தது என்பது அக்கா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தொட்டித் தண்ணீர் தலைக்கு மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்ததாம். மீன் கூட்டம் மொத்தமும் ஒரே சுவரில் போய் அப்பியது. பெரிய திருக்கை ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் மோதியது. விளக்கு அணைந்தது. சுரங்கத்தின் நுழைவாயில் பக்கம் கூரைப் பலகைகள் சரிந்து வழியை அடைத்தன. மறுபக்கம் தீத்தடுப்பு இரும்புக் கதவு, கரண்ட் போனதும் தானாக இறங்கி மூடிக்கொண்டது. அதன் ஓரத்தில் ஆள் போக ஒரு சின்னக் கதவு உண்டு. அக்கா போய்த் தள்ளிப் பார்த்தார். சட்டம் நெளிந்துபோய், அசையவில்லை.

அவசர விளக்கின் மங்கலான பச்சை வெளிச்சத்தில் டீச்சர் பிள்ளைகளை எண்ணினாள். பதினேழு. திரும்பவும் எண்ணினாள். கைப்பேசியில் சிக்னல் இல்லை. அப்போதுதான் ஒரு பையன் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மழை பெய்கிறது என்றான்.

நடு வளைவில், இரண்டு பலகைகள் சேரும் இடத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் அக்காவின் பக்கத்தில் வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“அக்கா, இது எந்தத் தண்ணி?”

மேலே தீயணைப்புக் குழாயும் போகிறது. அது உடைந்திருந்தால் நல்ல தண்ணீர். அக்கா உள்ளங்கையை நீட்டி, ஒரு சொட்டை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. தொட்டியின் கடல் தண்ணீர்.

“குழாய்த் தண்ணிதான் டீச்சர். பயப்படாதீங்க” என்று சொன்னார்.

டீச்சர் மூச்சை விட்டாள். ஆனால் அக்கா செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குட்டிப்பெண் தானும் நாக்கை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்துவிட்டது.

“சித்தி, உப்புக் கரிக்குது.”

டீச்சரும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையனின் உதடு கோணத் தொடங்கியது. டீச்சர் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் தொப்பியைச் சரி செய்தாள்.

“ஆமாண்டா கண்ணு. திருக்கை பயந்துபோய் அழுவுது. கண்ணீர்னா உப்பாத்தானே இருக்கும்?”

பிள்ளைகள் தலையைத் தூக்கி, அழாதே அழாதே என்று திருக்கைக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்படியே அவர்களை மேடான பக்கத்துக்கு, இரும்புக் கதவின் அருகே, டீச்சர் நகர்த்திக்கொண்டு போனாள்.

அக்கா தன் வாளியைச் சொட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, உயரத்தில் துடைக்கும் நீளமான இரும்புக் கழியைச் சின்னக் கதவின் இடுக்கில் கொடுத்து நெம்பினார். கழி வளைந்தது. திருப்பிப் போட்டு நெம்பினார். இன்னொரு முறை நிலம் குலுங்கியது. பின்னால் வாளியில் விழும் ஓசை மாறியது அவர் காதில் பட்டது. சொட்டாக விழுந்தது இப்போது நூலாக இறங்குகிறது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓய்ந்துவிடும் என்று தெரியும்.

கதவு நாலு விரல் விலகியபோது அந்தப் பக்கத்திலிருந்து யாரோ உதைத்தார்கள். திங் அண்ணன். அவரும் ஒரு காவலாளியும் கார் ஜாக்கியைக் கொடுத்துச் சட்டத்தை விரித்தார்கள். ஒரு முழம்கூட விரியவில்லை, ஜாக்கி வழுக்கிவிட்டது. அந்த இடைவெளி பிள்ளைகளுக்குப் போதும். ஒவ்வொருவராகப் பக்கவாட்டில் நுழைத்து விட்டார்கள். பதினேழாவது பிள்ளை போனதும் டீச்சர் நின்றாள்.

“நீங்க முதல்ல போங்கக்கா.”

“போ டீச்சர். வெளிய உன்னத் தேடும் அதுங்க.”

டீச்சர் ஒல்லி. மூச்சை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அக்கா கையைக் கொடுத்தார், தோளைக் கொடுத்தார், அதற்கு மேல் போகவில்லை. அவர் நல்ல கனத்த உடம்பு. ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். இடுப்பு சிக்கி, வலியில் கத்திவிட்டு, மறுபடி உள்ளே வந்துவிட்டார். காவலாளி தீயணைப்புப் படையைத் தேடி மேலே ஓடினான். ஊரே இடிந்து கிடக்கும்போது அவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்.

திங் அண்ணன் இடைவெளியில் முகத்தை வைத்துக்கொண்டு, உண்மையைச் சொல், எந்தத் தண்ணீர் என்று கேட்டார். உப்பு என்றார் அக்கா. எந்த இணைப்பு என்று கேட்டார். எட்டாவது என்றார்.

கரண்ட் இல்லாமல் தொட்டித் தண்ணீரைக் குறைக்க ஒரே வழி, கடலுக்குத் திறக்கும் அடிவால்வு. பூங்கா மேட்டில் இருப்பதால் திறந்தால் தானாகவே இறங்கும். ஆனால் மேலாளரின் கையெழுத்து இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டியில் இருநூறு வகை மீன். மேலாளரோ அன்று தைப்பேயில்.

“மீனெல்லாம் என்னண்ணே ஆவும்?” என்றார் அக்கா.

“நீ வாய மூடு.”

அவர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகுதான் மிக மோசமான நேரம் என்று அக்கா சொன்னார். பிள்ளைகள் இருந்தவரை பயப்பட நேரம் இருக்கவில்லை. இப்போது தனியாக, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் செருப்புக்கு வந்தது. ஒவ்வொரு சின்னக் குலுக்கலுக்கும் கண்ணாடி எங்கோ ‘டிக்’ என்று சத்தம் கொடுத்தது. சாமி பெயர் ஒன்றும் நினைவுக்கு வரவில்லையாம். அடுப்படியில் ஊறவைத்த அவரைப் பருப்பை யார் எடுத்து வைப்பார்கள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

பிறகு மேலே வெளிச்சம் மாறியது. நீர்மட்டம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு கீழே வந்தன. நூலாக இறங்கிய தண்ணீர் மெலிந்து, மறுபடி சொட்டானது. திங் அண்ணன் கையெல்லாம் கிரீஸோடு வந்து இடைவெளிக்கு அருகில் உட்கார்ந்து, தீயணைப்புப் படை வெட்டுக் கருவியோடு வரும்வரை அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம்.

அன்று மாலைவரை நாங்கள் எல்லோரும், நீர்ச்சறுக்கு ஆட்கள்கூட, வலையும் தொட்டியுமாக மீன்களை வெளிக் குளங்களுக்கு மாற்றினோம். பாதிக்கு மேல் பிழைத்தன. அந்தத் திருக்கை பிழைக்கவில்லை. அந்த இணைப்பு இன்னும் இரண்டு நாள் தாங்கியிருக்கும் என்று ஒரு பொறியாளர் எழுதினார். இரண்டு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது என்று இன்னொருவர் எழுதினார். திங் அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பம்ப் அறைக்குப் போனார்.

யுன்-ஜியே டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்தாள். இருவரும் வாசலில் நின்று பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினார்கள். சில பிள்ளைகள் குளிக்கப் பயப்படுகின்றன என்றாள். தானும்தான் என்று சேர்த்துக்கொண்டாள்.

சுரங்கம் அடுத்த வருடம் திறந்தபோது, பழைய வேலைக்கே வரும்படி மேலாளர் இரண்டு முறை கேட்டார். அக்கா முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார். இப்போது என்னோடு மேலே துண்டு மடிக்கிறார். நிலம் லேசாக ஆடினால் நான் பேச்சை நிறுத்துவேன். அவர் துண்டுக் குவியலின் மேல் இரண்டு கையையும் அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பார். ஆட்டம் நின்று வெகு நேரம் கழித்துத்தான் கையை எடுப்பார்.