நாலு விரற்கடை

1

இந்தக் கதை ஒரு பென்சிலில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கருவடிக்குப்பத்தில் நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்காரர்கள், ஆந்த்ரேவும் அவர் மனைவி கிளோதினும். ஒரு நாள் காலையில் கிளோதின் படியேறி வந்து, "கதை எழுதறவரு, உங்ககிட்ட பென்சில் இருக்கும்ல?" என்றார். நான் கணினியில் தட்டுகிறவன். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கடைக்குப் போய் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று ஒன்றரை மாதம் கழித்துத்தான் சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. என்னை ரொம்ப நல்லவளா ஆக்கிடாதீங்க."

2

முதல் தொடக்கம்: "வங்கக் கடலின் அலைகள் அந்தப் பிரெஞ்சு நகரத்தின் மஞ்சள் சுவர்களில்..."

[வேண்டாம். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் தண்ணீர் லாரிதான் தெரியும்.]

இரண்டாவது: "ஆண்டவரை நம்பினோர்க்குப் பலம் உண்டு என்பதற்கு ஆந்த்ரேயின் வாழ்வே..."

[இது பிரசங்கம். அதற்குச் சர்ச்சில் சாமியார் இருக்கிறார், என்னைவிட நன்றாகச் செய்வார்.]

3

ஆந்த்ரே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. ஒரே மகள் அனைஸ் நர்ஸ் வேலைக்குப் பிரான்சின் லியோன் நகருக்குக் கிளம்புகிறாள். அந்த வீட்டில் மகள் எங்கே புறப்பட்டாலும், பள்ளிக்கூடச் சுற்றுலாவாகவே இருந்தாலும், அப்பா கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் கொடுத்துத்தான் அனுப்புவார். இந்தப் பயணத்துக்கும் கொடுத்தாக வேண்டும், அந்தக் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

பிசியோதெரபிக்கு வரும் கலைவாணி, விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு மேலே ஏற்றச் சொல்லியிருந்தாள். ஹால் சுவரில் அனைஸின் நெற்றி உயரத்துக்கு ஒரு கோடு. அன்றாடம் விரல் எட்டிய இடத்தில் கிளோதின் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும்.

"ஆண்டவர்ட்ட கேளுங்களேன்" என்பார் கிளோதின்.

"அவருக்கு ஆயிரம் வேல. இது எம்பாடு."

ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவர்தான். நன்றி சொல்வார், கேட்க மாட்டார். கேட்டால் தோற்றுவிட்ட மாதிரி அவருக்கு.

அதனால் அவருக்கும் சேர்த்துக் கிளோதின் கேட்டார். பதில் வரத் தாமதமானதும் கொஞ்சம் கைகொடுத்தார். ஆந்த்ரே பல்லைக் கடித்துக் கண்ணை மூடி விரலை ஏற்றும் நேரம் பார்த்து, எட்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே கோடு போட்டார். அடுத்த வாரம் இரண்டு விரற்கடை. பயணத்துக்கு முந்தைய நாள், அன்றாடக் கோடு நெற்றிக் கோட்டோடு சரியாக வந்து சேர்ந்தது. உண்மையில் இன்னும் நாலு விரற்கடை பாக்கி.

4

(அனைஸ் குனிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "நிமிர்ந்து நில்லு" என்று சொல்லியே வளர்த்த பெண்ணை, போகிற நாளில் எனக்காகக் குனியச் சொல்வதா என்பாராம் ஆந்த்ரே. இடக்கை? அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.)

5

கிளோதின் செய்தது தப்பு என்று எழுத ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். எனக்கும் அதே ஆசைதான். ஒரு வரி எழுதினால் போதும், கை ஏறிவிடும். எழுதியும் பார்த்தேன்: "திடீரென்று அவர் தோளில் ஓர் இளஞ்சூடு பரவ..."

[அடித்தாயிற்று. பொய்க்கோடு.]

இரண்டாவது முடிவு: கை ஏறவில்லை, எல்லோரும் அழுகிறார்கள். [இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இவர்கள் மேல் பிரியம் அதிகம்.]

6

ஞாயிறு மாலை நான்கு மணி. சென்னை விமான நிலையத்துக்குப் போகும் டாக்சி வாசலில் நிற்கிறது. அனைஸ் அறைக்குள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். கிளோதின் ஆந்த்ரேயின் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் கிட்டப் போகிறார்.

"ஏங்க. அந்தக் கோடு... நான் கொஞ்சம் ஏத்திப் போட்டுட்டேன்."

"நாலு விரக்கட. தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீ போட்ட கோட்டப் பாத்துத்தான் மறுநாளு எழுந்திரிச்சேன். இல்லன்னா எப்பவோ விட்டிருப்பேன்."

கிளோதின் அந்த நேரத்தில் அவரை எவ்வளவு நேசித்தார் என்பதை என்னிடம் சொல்லவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்ததைச் சொன்னார், அது போதும்.

அனைஸ் வந்து எதிரே நின்றாள். "பப்பா, போய்ட்டு வரேன்."

கை கிளம்பியது. வயிற்றைத் தாண்டியது, அவள் சட்டையின் மேல் பொத்தானுக்கு நேராக வந்தது. விரல் பற்றி ஏறச் சுவர் இல்லை, அங்கேயே நின்றுவிட்டது. கிளோதின் முழங்கையைப் பிடிக்க ஓரடி எடுத்து வைத்தார். ஆந்த்ரே அவரைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாமென்று. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தபடி, அவளுக்கும் மனைவிக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"ஆண்டவரே, என்னால முடியல. நீ தூக்கு."

7

என்ன நடந்ததென்று கிளோதினைக் கேட்டால் சொல்வார். நான் கேட்கவில்லை.

ஆந்த்ரே வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றைக் கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்டிருந்தால் அரை நொடியில் தூக்கியிருப்பேன், அப்படிப்பட்டவன்தான் நான். கேட்டது வேறொருவரிடம். நடுவில் புகுந்து பதில் சொல்வது என் வேலையில்லை.

கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே போங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கிளோதின் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் கண்ணை மூடவில்லை. நீங்களும் மூடாதீர்கள்.