கதையில் அது எங்கே இருக்கிறது?

டெல்மி கொடுத்த கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டும், மதியம் அறைக்கு வா என்று ஆங்கில ஆசிரியை மிஸஸ் வெர்னெக் சொல்லியனுப்பியிருந்தார். எங்கிருந்தோ சுட்டது என்று முடிவானால் பாடத்தில் ஃபெயில். ஃபெயிலானால் நர்சிங் படிப்பில் கிடைத்த இடமும் போய்விடும்.

வகுப்பில் அவர்கள் படித்தது நாலு பக்கக் கதை. ஒருத்தி சமையலறை நாற்காலியில், ஷூவைக் கழற்றாமல், உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். ஏன் என்று கதையில் இல்லை. எழுதியவர் சொல்லாமல் விட்டதைச் சொல்லிக் காட்டினால்தானே இலக்கிய வகுப்பில் மார்க்! வகுப்பே ஒன்றுகூடி, அவள் காதலனோடு ஓடிப்போகக் காத்திருக்கிறாள் என்று தீர்ப்பெழுதிவிட்டது. அந்த வயதில் வேறென்ன தோன்றும்?

டெல்மி மட்டும் பயம் என்று எழுதினாள். குவாத்தமாலாவிலிருந்து அமெரிக்காவில் நெப்ராஸ்காவுக்கு வந்து ஆறு வருஷமாகியும் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதுவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டிவிடும். இந்தத் தடவை என்னவோ மடைதிறந்த மாதிரி மூன்று பக்கம் வந்தது. அந்த வீட்டில் ரேடியோ போட மாட்டார்கள், வாசலில் வண்டி நிற்கும் சத்தம் காதில் விழ வேண்டும். கடந்துபோகிற வண்டியைப் பற்றிக் கவலையில்லை, நிற்கிற வண்டிதான் எமன் என்றெல்லாம் எழுதியிருந்தாள். கொடுத்துவிட்டு வரும்போது பெருமையாகக்கூட இருந்தது, பாவம்.

அறையில் மிஸஸ் வெர்னெக் தனியாக இல்லை. துறைத் தலைவர் ஓடெகார்டும் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரி விசாரணையில் பேசுவதையெல்லாம் பதிவு செய்வது கல்லூரி விதியாம்.

மிஸஸ் வெர்னெக் கெட்டவரில்லை. தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். அப்புறம் அந்தப் பத்தியைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த வண்டிச் சத்தம், ரேடியோ போடாதது, இதெல்லாம் கதையில எங்கம்மா இருக்கு?"

"கதையில இல்ல மிஸ்."

"அப்ப எங்கேருந்து வந்துச்சு?"

எங்கேயிருந்து என்று டெல்மிக்குத் தெரியாதா? கறி வெட்டும் ஆலையில் குடியேற்ற அதிகாரிகள் புகுந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனதிலிருந்து அவள் அப்பா ஷூவோடுதான் தூங்குகிறார். அவளுக்கு இந்த நாட்டில் தங்க அனுமதிப் பத்திரம் வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. வீட்டு விஷயம் வாசற்படி தாண்டக் கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை ஒரு கட்டுரையில் உடைத்திருக்கிறோம் என்பதே அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க..." என்று ஆரம்பித்தாள்.

"யாரு?" என்றார் ஓடெகார்ட். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, குறித்துக்கொள்ளத்தான். விரல்கள் விசைப்பலகைமேல் காத்திருந்தன.

அந்த விரல்களையே பார்த்தாள். தட்டினது எங்கே போகும்? யார் படிப்பார்கள்? அப்பாவின் பெயர் ஒரு தடவை அதில் ஏறிவிட்டால் அப்புறம் யாராலும் இறக்க முடியாது. நர்சிங் போனால் போகட்டும்.

"யாருமில்ல. நெட்லேருந்து எடுத்தேன் மிஸ்."

"எந்த வெப்சைட்னு சொல்ல முடியுமா?" என்றார் மிஸஸ் வெர்னெக்.

"ஞாபகம் இல்ல."

ஓடெகார்ட் கடகடவென்று தட்டி முடித்தார். எடுத்தது எல்லாமா, பாதியா என்று ஒரு கேள்வி கேட்டார். எல்லாமே என்றாள். இந்தப் பாடத்தில் ஃபெயில், நர்சிங் பிரிவுக்கும் தகவல் போகும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மிஸஸ் வெர்னெக் கட்டுரையை மடித்து ஓரமாக வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. டெல்மியின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உண்மையை ஒத்துக்கிட்டதுக்கு நன்றிம்மா. படிச்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது உன்னோடது இல்லைன்னு. இப்படி ஒரு பயத்தை அனுபவிச்சவங்களாலதான் இத எழுத முடியும்."

"ஆமா மிஸ்" என்றாள் டெல்மி.