ஓர்டாஸை எடுத்த மதியம்

லொய்ட் சாபோவுக்கு வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. இருபது வருஷமாகக் கிரேனுக்குக் கை காட்டிப் பிழைக்கிற தோள். அந்தக் கை சொல்லாமல் கிரேன்காரன் இரும்பைத் தூக்கவும் மாட்டான், இறக்கவும் மாட்டான். டொலீடோவில் ஆற்றை ஒட்டிய அந்த இரும்பு யார்டில் அதுதான் சட்டம்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே டெஸ்மண்ட் ப்ரூவர் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு கையில் பீர், இன்னொரு கையில் சில்லி என்கிற கறிக் குழம்பு ஊற்றிய ஹாட்டாக் பொட்டலம். கதவைத் தட்ட முடியாமல் நின்றான். தோள் வலியை மட்டும் குறை சொல்ல முடியாது.

டெஸ்ஸின் மனைவி லுவெல்லா தானாகவே கதவைத் திறந்தாள்.

"என்ன லொய்ட், மீட்டர் ரீடிங் எடுக்கவா வந்த? உள்ள வா."

டெஸ் சோபாவில் சாய்ந்து டி.வி.யில் டெட்ராய்ட் அணியின் பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை கட்டுக்குள் இருந்தது. அந்தக் கட்டுக்குள் இரண்டு விரல் கிடையாது.

"வாடா திருடா!" என்றான்.

லொய்ட் வாசலிலேயே நின்றுவிட்டான். டெஸ் சிரித்துக்கொண்டே சொன்னதைப் பார்த்த பிறகுதான் அது பேஸ்பால் திருட்டு என்று உறைத்தது.

யார்டில் பத்துப் பேர் சேர்ந்து போனில் ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். ஆளுக்கொரு கற்பனை அணி. நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கிச் சேர்த்து, அவர்கள் நிஜ மைதானத்தில் செய்வதை வைத்துப் புள்ளி. அதில் கிடைப்பதற்கு அரிய சரக்கு 'சேவ்'. ஜெயிக்கப்போகிற ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் பந்து வீச வந்து, கை நழுவாமல் முடித்துக் கொடுப்பவனுக்கு மட்டும் கிடைப்பது. ஒரு நிஜ அணிக்கு அப்படி ஒருத்தன்தான் இருப்பான். அவன் சொதப்பி, மேனேஜர் வேறு ஆளை நிறுத்தினால், அந்தப் புது ஆளை யார் முதலில் போனில் அழுத்துகிறானோ அவனுக்கே சொந்தம். அரை நிமிஷம் பிந்தினால் போச்சு.

அடுத்து யார் என்று மோப்பம் பிடிப்பதில் லொய்டை மிஞ்ச ஆளில்லை.

"டெட்ராய்ட்டுக்குக் கடைசிச் சுற்று வீச ஓர்டாஸ் வருவான்னு எப்படிடா தெரியும் உனக்கு?" டெஸ் இடது கையால் ஹாட்டாக்கோடு மல்லுக்கட்டினான். "சொல்லித் தொலை. நானும் பொழச்சுக்கறேன்."

"எத்தனை ரன் குடுத்தான்னு எல்லாரும் பாக்குறாங்க. அதுல ஒண்ணும் இல்ல. தப்பா வீசி எத்தனை பேரைச் சும்மா முதல் பேஸுக்கு நடக்க விடறான், எத்தனை பேரைப் பந்தைத் தொடவிடாம அனுப்பறான், அதைப் பாக்கணும். அதுக்கும் மேல, மேனேஜர் யாரை நம்பறான்னு பாக்கணும். கடைசிக்கு முந்தின எட்டாவது சுற்றுல பெரிய அடிக்காரங்க வரிசையா வரும்போது யாரைக் கூப்பிடறான்? அவன்தான் நாளைக்குக் கடைசிச் சுற்று."

"நம்பிக்கைதான்ங்கிற."

"ஆமா," என்று சொல்லிவிட்டு லொய்ட் பீர் டின்னைப் பார்த்துக்கொண்டான்.

டெஸ்ஸின் விரல் போன அன்றைக்கும் இதே மாதிரி மதிய ஆட்டம். காலோவே என்பவன்தான் அதுவரை டெட்ராய்ட்டின் கடைசிச் சுற்று ஆள். அவனிடமிருந்து மேனேஜர் பந்தை வாங்கிக்கொண்டு, ஓரத்தில் கை சூடாக்கிக்கொண்டிருந்த ஓர்டாஸைக் கூப்பிட்டான். லொய்டின் காதில் இயர்போன், அதில் ஆட்டத்தின் வானொலி வர்ணனை. கிரேனில் ஒரு பெரிய உத்திரம் தொங்கியது. அது உட்காருவதற்கு அடியில் டெஸ் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து தலையாட்டினால்தான் லொய்ட் இறக்கச் சொல்ல வேண்டும். லொய்ட் இடது கையில் போனை எடுத்தான். போன் ஆட்டத்தில் இருக்கும் இன்னொருத்தன் மிச்சும் கேட்டுக்கொண்டிருப்பான், முந்திவிடுவான் என்று பதறியபடி ஓர்டாஸ் பெயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். அதே மூச்சில், பார்க்காமலே, வலது கை 'இறக்கு' என்று காட்டியது.

டெஸ்ஸின் அலறல் கேட்டுத்தான் நிமிர்ந்தான்.

ஃபோர்மேன் ரோலண்ட் ஓடிவந்து கேட்டபோது லொய்டின் வாய் தானாகச் சொல்லிற்று: "தலையாட்டினான். நான் பாத்தேன்."

போனை யாரும் பார்க்கவில்லை. அது முன்னமே சட்டைப் பைக்குள் போயிருந்தது. ஓர்டாஸ் லொய்டின் ஆளாகியிருந்தான்.

இப்போது லுவெல்லா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். டெஸ் குரலை மாற்றிக்கொண்டு கேட்டான்.

"அதை விடு. போன் ஆட்டத்துல ஓர்டாஸை எதுக்குடா எனக்கு அனுப்பின? அதுவும் பெஞ்சுல தூங்கற ஒருத்தனுக்கு மாத்தா?"

"உனக்குச் சேவ் கொறைவா இருந்துச்சு."

"விரலும்தான் கொறைவு. அதையும் அனுப்புவியா?" டெஸ் சிரிக்கவில்லை. "மாத்திரை மயக்கத்துல சரின்னு அழுத்திட்டேன். மத்த எட்டுப் பேரும் சேர்ந்து ஓட்டுப் போட்டு, அந்த மாத்தை ரத்து பண்ணி ஓர்டாஸை உன் கிட்டயே திருப்பிட்டானுங்க. மிச் போன் பண்ணி 'கூட்டுக்களவாணிங்களா'ன்னு கத்தறான். பாவம் பாத்துப் பிச்சை போட்டா வாங்கிக்கிற ஆளா நான்?"

"பிச்சை இல்லடா."

"பின்ன என்ன?"

உண்மையைச் சொல்ல இதுதான் இடம் என்று லொய்டுக்குத் தெரிந்தது. சொன்னால் அவன் வேலை அன்றே காலி. சொந்தத் தோளையும் கெடுத்துக்கொண்ட நாற்பத்தெட்டு வயசுக்காரனை எந்த யார்டு சேர்த்துக்கொள்ளும்?

"சும்மாதான்," என்றான்.

டெஸ் பெருமூச்சு விட்டான். "வெள்ளிக்கிழமை விசாரணை. விரல் போனதுக்கு வர்ற நஷ்டஈடு வந்துரும். ஆனா தப்பு என் மேலன்னு எழுதிட்டா வேலை போயிரும்னு ரோலண்ட் சொல்றான். லுவெல்லாவுக்கு இன்னும் சொல்லல." அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டான். "டேய், நெஜமாவே நான் தலையாட்டினேனா? ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாக்கறேன். கட்டையைத் தள்ளினது ஞாபகம் இருக்கு. நிமிர்ந்தது ஞாபகம் இல்ல."

டி.வி.யில் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கடைசிச் சுற்று. ஓர்டாஸ் மைதானத்துக்குள் ஓடிவந்தான்.

"நீ பாத்தேன்னு சொன்னா நான் ஆட்டித்தான் இருப்பேன்," டெஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "உன் கண்ணை நம்பித்தானே இத்தனை வருஷம் இரும்புக்கு அடியில கைய வச்சோம். ரோலண்ட் கிட்டயும் அதையே சொல்லிர்றேன்."

ஓர்டாஸ் மூன்று பேரையும் பந்தைத் தொடவிடாமல் அனுப்பினான். டெஸ் நல்ல கையால் லொய்டின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"போட்டான் பாரு! இன்னொரு சேவ் உனக்கு. அதிர்ஷ்டக்காரப் பயலே!"

தட்டியது வலது தோளில் பட்டது. லொய்ட் பீர் டின்னைக் கீழே வைத்தான். "வெள்ளிக்கிழமை நானும் கூட வரேன்," என்றான். வருவது பெரிய விஷயமில்லை. டெஸ்ஸுக்கு அவன் தர வேண்டியிருந்தது ஓர்டாஸ் இல்லை, பீர் இல்லை. 'நீ தலையாட்டலடா, நான் போனைப் பாத்துக்கிட்டிருந்தேன்' என்ற ஒரு பேச்சு. அதைத் தராமலே எழுந்து வண்டிச் சாவியைத் தேடினான்.