ஒரு நிமிடத்துக்கு மேல் கிடையாது

எங்கள் பொத்தான் கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நடனப் பள்ளி வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அவர்கள் பாட்டுப் போட்டால் சுவர் அதிரும். சுவர் அதிர்ந்தால் தட்டுகளில் இருக்கும் பொத்தான்கள் ஆடும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் எல்லாத் தட்டும் ஆடாது. ஒரு சத்தத்துக்கு மூன்றாவது வரிசைச் சிப்பிப் பொத்தான்கள் மட்டும் கிலுகிலுக்கும். பக்கத்துத் தட்டில் இருக்கும் உலோகப் பொத்தான்கள் தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி கிடக்கும். அடுத்த பாட்டில் உலோகம் ஆடும், சிப்பி சும்மா இருக்கும். யார் இதை முடிவு செய்கிறார்கள்?

நடனப் பள்ளி வாசலில் இருந்தவரிடம் கேட்டேன். "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது. டயர் கடை மாடியில சொல்லித் தராங்க, போய்க் கேளுங்க" என்றார். போனேன். சனிக்கிழமை வகுப்பு, நான்கு மாதம்.

சனிக்கிழமைதான் சிக்கல். அன்றைக்குத்தான் தையல்காரர்கள் துணித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிறம் பொருத்திப் பார்க்க வரிசையாக வருவார்கள். கடையில் நிற்பது நானும் நாத்தனாரும்தான். வீட்டுக்காரர் கொள்முதலுக்கு ஊர் ஊராகப் போகிறவர். எங்கள் இருவருக்கும் நடுவில் வாய் திறக்கக் கூடாது என்பதைக் கல்யாணமான முதல் மாதமே கற்றுக்கொண்டவர்.

நாத்தனாரிடம் ஆறு மாதம் கேட்டேன். இரண்டு என்றார். நான்கில் முடித்தோம். எனக்கு நான்குதான் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், நான்கு தருவார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நேரே நான்கு என்று சொல்லியிருந்தால் இருவருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

"கடைசியில ஒரு தேர்வு இருக்குன்னு சொன்னியே. அதுல மேல்வகுப்புக்கு எடுத்தாங்கன்னா சனிக்கிழமை உனக்கு. எடுக்கலைன்னா கடைக்கு வந்து நில்லு. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார்.

"சரி அண்ணி."

"ஏன் உடனே சரிங்கற? எங்கேயோ ஏமாந்துட்டேன் போலிருக்கே."

வகுப்பறையின் சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமான கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. கைதட்டினால் சத்தம் அங்கேயே செத்து விழும். பதின்மூன்று பேர். ஒரு பல் மருத்துவர் இருந்தார், ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார், அறைக்குள்ளும் கூலிங்கிளாஸைக் கழற்றாத பையன் ஒருவன் இருந்தான். வாத்தியாருக்கு என் வயதில் பாதி. எல்லாரும் 'சார்' என்றார்கள், எனக்கு 'தம்பி' என்றுதான் வந்தது. எனக்கு முதல் நாளே 'பொத்தான் அக்கா' என்று பேர் விழுந்துவிட்டது.

"இப்ப வேகத்தை நூத்தி இருபதுல வைங்க. நிமிஷத்துக்கு நூத்தி இருபது தட்டு" என்றார் தம்பி.

"நூத்திப் பத்துக்கு வராதா தம்பி?"

வகுப்பே சிரித்தது. நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. எண் என்று ஒன்று காதில் விழுந்தால் அதைக் குறைத்துக் கேட்காமல் இருக்க எனக்கு வராது.

"வரும்க்கா. ஆனா யார்கிட்ட பேரம் பேசறீங்க, கம்ப்யூட்டர்கிட்டயா?"

மூன்றாவது வாரம் என் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக அறுபத்தோரு வரிசைச் சத்தம் அடுக்கியிருந்தேன்.

"அக்கா, ஒருத்தர் சட்டைக்கு ஒரு பொத்தான் கேட்டா, கடையில இருக்கற அறுபது தட்டையும் இழுத்துப் போடுவீங்களா?"

"ஆமா."

அவர் அந்த வழியாக மேலே போகவில்லை. "அப்ப எதை எடுத்தா ஒண்ணும் தெரியாதோ அதை எடுத்துடுங்க" என்றார். ஒவ்வொரு சத்தத்தின் வாயையும் மூடிப் பார்த்தேன். ஐம்பத்து இரண்டைத் தூக்கிய பிறகும் பாட்டு அப்படியே இருந்தது. அத்தனை சரக்கும் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அடுத்த வாரம் எதையாவது சொந்தமாகப் பதிவு செய்து வரச் சொன்னார். நான் ஒரு படி சிப்பிப் பொத்தானைத் தகரத் தட்டில் கொட்டி, போனில் பிடித்துக்கொண்டு போனேன். கேட்டால் சாதாரணச் சலசலப்பு. "வேகத்தைக் குறைச்சுப் பாருங்க" என்றார் தம்பி. பாதியாக்கினேன், மழை மாதிரி இருந்தது. கால்வாசியாக்கினேன், யாரோ சரளைக்கல் இறக்குகிற மாதிரி. பதினாறில் ஒரு பங்காக்கினேன். ஹெட்போனுக்குள் ஒரு மலை, அவசரமே இல்லாமல், பாறை பாறையாகச் சரிந்து வந்தது. ஒவ்வொரு பாறையும் வயிற்றில் இறங்கி நின்றது.

இருபது வருடமாகத் தினமும் இந்தப் பொத்தானைக் கொட்டி அளக்கிறேன். உள்ளே மலை இருந்தது எனக்குத் தெரியவில்லை.

பல் மருத்துவரிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "என் டிரில்லை மெதுவாக்கினா என்னக்கா வரும்?" என்றார். அடுத்த வாரம் பதிவு செய்துகொண்டு வந்தார். திமிங்கலம் அழுவது மாதிரி இருந்தது. அதன் பிறகு இரண்டு பேரும் கண்ணில் பட்டதையெல்லாம் மெதுவாக்க ஆரம்பித்தோம்.

தேர்வுக்கு மூன்று நிமிடப் பாட்டு ஒன்று தயார் செய்ய வேண்டும். மேல்வகுப்பை நடத்துகிற மேடம் வந்து கேட்டு, ஐந்து பேரை எடுப்பார். தம்பி ஒரு தடவை இல்லை, நாலு தடவை சொன்னார்: "மூணு நிமிஷம் பண்ணுங்க. ஆனா மேடம் ஒரு நிமிஷம்தான் கேட்பாங்க. அதுக்கு மேல கிடையாது."

நான் தலையை ஆட்டிக்கொண்டேன். ஒரு நிமிடம் என்று சொல்கிறவர் இரண்டரைக்கு வருவார். கொஞ்சம் பேசினால் மூன்று. 'இதுக்கு மேல கிடையாது' என்ற சொல்லைக் கேட்டு அதோடு நிறுத்திக்கொண்ட ஆளை எங்கள் கடைத்தெருவில் நான் பார்த்ததில்லை. அது பேச்சுக்குப் போடுகிற பிள்ளையார் சுழி.

ஆகவே என் மலையை இரண்டு நிமிடம் பத்தாவது நொடியில் வைத்தேன். நல்ல சரக்கை முதலில் எடுக்கிறவன் வியாபாரியே இல்லை. முதலில் சுமாரானது, பிறகு பரவாயில்லாதது, ஆள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கும் நேரத்தில் அடி இழுப்பறையிலிருந்து அசல்.

தேர்வு நாளில் மேடம் வந்தார். மெலிந்த உருவம், நரைத்த குட்டை முடி. மேசையில் போனை வைத்து நேரம் பார்த்தபடி, கண்ணை மூடிக் கேட்டார். கூலிங்கிளாஸ் பையனுக்கு ஒரு நிமிடம். சரியாக அறுபதாவது நொடியில் பேனாவால் மேசையில் ஒரு தட்டு. லாரி ஓட்டுநருக்கும் ஒரு நிமிடம், ஒரு தட்டு. பல் மருத்துவரின் திமிங்கலம் அழ ஆரம்பித்து மூன்றே நொடி, தட்டு.

ஒன்பதாவதாக நான். எனக்கும் தட்டினார்.

"இன்னும் எண்பது செகண்டு விட்டீங்கன்னா போதும் மேடம்."

"ஒரு நிமிஷம்தான்."

"சரி, நாப்பது செகண்டு. இடையில கொஞ்சம் தள்ளி விட்டுக்கறேன்."

"அடுத்தவர் வாங்க."

குரலில் கோபம் இல்லை. முகத்தில் கணக்குப் போடுகிற குறியும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அம்மா பேரத்தின் முதல் அடியைச் சொல்லவில்லை. ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

எல்லாரும் முடித்ததும் ஐந்து பேரை வாசித்தார். திமிங்கலம் உண்டு. பொத்தான் இல்லை.

எல்லாரும் பையைக் கட்டினார்கள். மேடம் கதவு வரைக்கும் போய்விட்டார். பின்னாலேயே போனேன்.

"மேடம், சீட் கேட்க வரலை. ஒரு சந்தேகம், அவ்வளவுதான்."

பிறகு நாத்தனார் இதை வியாபாரத் தந்திரம் என்றார். தந்திரம் இல்லை. இனி சனிக்கிழமை முழுக்கத் துணித்துண்டுக்கு நிறம் பார்க்கப் போகிறவள், இதையாவது தெரிந்துகொண்டு போகிறேனே என்றுதான்.

"சொல்லுங்க."

"ஒரு சத்தம் பண்ணியிருக்கேன். ஹெட்போன்ல கேட்டா மலை சரியற மாதிரி இருக்கு. கடையில சின்ன ஸ்பீக்கர்ல போட்டா இருக்கற இடமே தெரியலை. மலை எங்க போகுது?"

"என்ன சத்தம்?"

"பொத்தான்."

அவர் திரும்பி வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு நிமிடம் பத்தாவது நொடியிலிருந்து கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

"அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு இவ்வளவு ஆழத்தைத் தள்ள மூச்சுப் பத்தாது" என்றபடி எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாக்குங்க. அதுக்கு மேல சின்னச் சின்னதா நிறைய சத்தம் பிறக்கும். ஸ்பீக்கர் அதை மட்டும் சொல்லும். அடியில இருக்கற ஆழத்தைக் காதே போட்டு நிரப்பிக்கும்."

"இல்லாத சரக்கை இருக்கறதா காது நம்பிடுமா?"

"நம்பும்."

"இது தெரியாமலா இத்தனை வருஷம் கடை நடத்தினேன்."

முதல் தடவையாக அவர் சிரித்தார். "இதை ஏன் கொண்டுபோய் ரெண்டு நிமிஷத்துக்கு அந்தப் பக்கம் ஒளிச்சு வெச்சீங்க?"

"நல்லதைக் கடைசியாத்தானே காட்டணும்?"

"அதுக்குள்ள நான் அடுத்த கடைக்குப் போயிட்டேன்." எழுந்தார். "எட்டு வாரம் கழிச்சு இன்னொரு தேர்வு இருக்கு. சனிக்கிழமை காலையில இங்க பயிற்சிக்கு வர்றவங்க மட்டும் உட்காரலாம். அப்பவும் ஒரு நிமிஷம்தான்."

கடைக்குத் திரும்பினேன். நாத்தனார் என் முகத்தைப் பார்த்ததுமே துணித்துண்டுக் கட்டை என் பக்கம் தள்ளினார். விவரம் கேட்கவில்லை. அதுவும் ஒரு மரியாதைதான். கூட்டம் குறையும்வரை நின்றேன். பிறகு கடையிலிருந்த லேப்டாப்பில் அந்தச் சத்தத்தைச் சொரசொரப்பாக்கி வைத்துக்கொண்டேன்.

"அண்ணி, எட்டு சனிக்கிழமை வேணும். காலையில மட்டும்."

"பேச்சே எடுக்கக் கூடாதுன்னு பேச்சு."

"ஆமா."

"ஆமான்னு வேற சொல்றா. உண்மையில எத்தனை வேணும்?"

"எட்டு."

"ஆறு வெச்சுக்கோ."

"எட்டு அண்ணி."

"ஏழு. இதுக்கு மேல என்னால நின்னு மாளாது."

"ஏழுன்னா வேண்டாம். இதோட விட்டுடறேன்."

என்னைக் கூர்ந்து பார்த்தார். இந்த வீட்டில் யாரும் வேண்டியதை வேண்டிய அளவுக்கே கேட்டதில்லை. எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுகிறார் என்று தெரிந்தது. நான் கடை ஸ்பீக்கரில் மலையைப் போட்டேன். முதலில் அதுதான், அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

நாத்தனார் மேசையைப் பிடித்துக்கொண்டார். "மாடியில என்ன உருளுது?"

"ஒண்ணும் இல்லை. இதுலேருந்துதான்."

"போடி. கால்ல அதிர்ந்துச்சு."

"அதிரலை அண்ணி. காதே போட்டுக்கறதாம். மேடம் சொன்னாங்க."

ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை குனிந்து, காதை அதன் வாயில் வைத்துக் கேட்டார்.

"என்ன இது?"

"சிப்பிப் பொத்தான். மெதுவாக்கினது."

நிமிர்ந்தார். "எட்டு" என்றார். "தையல்காரங்க கேட்டா நீ கொள்முதலுக்குப் போயிருக்கறதா சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய், அலமாரியின் அடியில் யாரும் கேட்காமல் கிடந்த ஒரு டப்பாவை இழுத்து வந்து மூடியைத் திறந்தார். கொம்புப் பொத்தான், எருமைக்கொம்பு, நல்ல கனம்.

"இதைக் கொட்டினா என்ன வரும்?"

"தெரியலை அண்ணி."

"போனை எடு."