கிரேன்காரரின் குடலும் மச்சினனின் தானமும்

துறைமுகத்தில் கிரேன்காரரைத் தெரியாதவர்கள் கிடையாது. எத்தனை பெரிய பெட்டியானாலும் கப்பலிலிருந்து தூக்கி, லாரியின் மேல் பூப்போல உட்காரவைத்துவிடுவார். அந்த உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும்வரை மனிதர் ராஜா. கீழே இறங்கினால் சர்க்கரை நோயாளி. மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்துவிட்டன, அடுத்தது இன்சுலின் ஊசிதான். ஊசி போட்டுக்கொள்கிற ஆளைக் கிரேன் மேலே ஏற்ற மாட்டார்கள் என்பது அங்கே சட்டம். வாசலில் உட்கார்ந்து லாரிகளுக்குக் கதவு திறந்துவிட வேண்டியதுதான். நினைத்தாலே அவருக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த வயிற்றில்தான் விஷயமே இருக்கிறது என்றார் பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா.

"உங்க குடல்ல கோடிக்கணக்கான நுண்ணுயிருங்க குடியிருக்கு. அதுல நல்லதுங்க குறைஞ்சுபோனா சர்க்கரை ஏற அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்துலேருந்து அதுங்களைப் பிரிச்சு, குழாய் வழியா உங்களுக்குள்ள விட்டுப் பார்க்கப்போறோம். பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். வீட்ல யாராவது இருக்காங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "என் தம்பி இருக்கான் டாக்டர். கல்லைத் தின்னாலும் செரிச்சிடுவான்."

அதற்குப் பிறகு டாக்டரம்மா நிறைய விளக்கினார். கிரேன்காரர் காதில் ஒன்றும் ஏறவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மனசு முழுக்க மச்சினன்தான் நின்றான்.

பூட்டுக்கடை வைத்திருக்கும் அந்த மச்சினனைக் குச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு பிறந்தநாள் விருந்தில், கிரேன்காரர் கேக்கை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்துத் தட்டைப் பிடுங்கி, "உங்களுக்கு ஆகாது மாமா, உங்களுக்கும் சேர்த்து நானே சாப்பிட்டுடறேன்" என்று நின்ற இடத்திலேயே விழுங்கினான். மொத்தக் குடும்பமும் சிரித்தது. இனி இவனிடம் ஒரு துரும்புகூட வாங்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவர் வருஷக்கணக்காகப் பேசவில்லை. இப்போது வாங்க வேண்டியது துரும்பாக இருந்திருந்தால்கூடத் தேவலை.

வேறு வழியில்லாமல் கடைக்குப் போனார். சாவி அறுக்கும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. ஓர் அம்மாள் சாவிக்குக் காத்திருந்தாள். அவர் முணுமுணுக்க, குச்சிக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க மாமா!"

"உன் மலம் வேணும்டா!" என்று கத்தினார். அந்த நொடியில்தானா மெஷின் நிற்க வேண்டும்? அந்த அம்மாள் அரைகுறைச் சாவியோடு படியிறங்கிவிட்டாள்.

குச்சி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பிறகு துடைத்துக்கொண்டு, "கேட்டது நீங்களாச்சே மாமா. இல்லேன்னு சொல்வேனா?" என்றான்.

தானம் கொடுப்பவன் இனிப்பைத் தொடக் கூடாது, காயும் பருப்பும் தின்ன வேண்டும், நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் கிரேன்காரருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அவனை நம்பாமல் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு இழுத்துவந்து முட்டைக்கோஸ் போட்டார். "நான் மட்டும் ஏன் தனியா அவதிப்படணும்? நீங்களும் தின்னுங்க" என்று குச்சி அடம்பிடித்தான். அவரும் தின்றார். இருவரும் துறைமுகச் சுவரோரம் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். மத்தியானம் கூண்டுக்குள் கிரேன்காரர் திருட்டு பன்னைப் பிரிக்கும்போது சரியாகப் போன் வரும். "நான் கேக் பக்கமே போகல மாமா. நீங்க?" பன் பைக்குள் திரும்பிப் போகும்.

குழாய் வைத்தியம் ஆனது. திரும்பவும் தேவைப்படலாம் என்று சொல்லியிருந்ததால் முட்டைக்கோஸ் மட்டும் நிற்கவில்லை. சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. "மாமா வயித்துல வேலை பார்க்கிறது என் ஆளுங்க!" என்று குச்சி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான்.

கடைசிப் பரிசோதனையில் டாக்டரம்மா சிரித்தார். "ஊசி வேண்டாம். தைரியமா கிரேன்ல ஏறுங்க. இன்னொண்ணு, முதல் நாளே சொன்னேனே, பாதிப் பேருக்குத்தான் அடுத்தவங்களோடது போகும், மீதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக, அவங்களோடதே திரும்பப் போகும்னு? யாருக்கு எதுன்னு இன்னிக்குத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. உங்களுக்குப் போனது உங்களோடதுதான்."

"என்னோடதேவா? அப்போ மச்சினனோடது?"

"ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு. உங்க சாப்பாடும் நடையும் மாறினதுதான் காரணம்னு நினைக்கிறேன். பழையபடி ஆரம்பிச்சா பழையபடி ஏறிடும்."

வெளியே வந்தார். குச்சி ஓடிவந்தான். "என்ன மாமா, என் ஆளுங்க ஜெயிச்சுட்டாங்களா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இவன் நாளையிலிருந்து வர மாட்டான். தன்னை மட்டும் நம்பினால் ஒரே வாரத்தில் பன், ஊசி, வாசல் என்று கிரேன்காரருக்கு நன்றாகத் தெரியும். அதைவிட, இந்தப் பயல் இல்லாமல் சாயங்காலம் சுவரோரம் தனியாக நடக்க அவருக்கு மனசில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

"ஜெயிச்சுட்டாங்கடா" என்றார்.

"அப்பாடா, என் வேலை முடிஞ்சுது!"

"முடியறதாவது! எப்போ வேணும்னாலும் உன்கிட்ட திரும்பக் கேட்பாங்களாம். சாகிற வரைக்கும் வாயைக் கட்டித் தயாரா இருக்கணும்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க."

குச்சிக்கு முகம் தொங்கிப்போனது. "யாரு சாகிற வரைக்கும்?"

"அதை நான் கேட்கல" என்றார் கிரேன்காரர். "வா மாப்ள, உங்கக்கா காத்துக்கிட்டிருப்பா."