நிக்காஹ்வுக்கு ஒரு நாற்காலி

மூன்று வருடமாகப் பள்ளிவாசலில் நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். இடுப்பு வலி. அண்ணன் முஸ்தஃபாவின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் மீன்தலைக் கறிச் சட்டியைத் தூக்கும்போது பிடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மதிய நேரம், வரிசை வாசல் வரை நின்றது. அண்ணன் கையில் கரண்டியோடு, "யூசுப், நடிக்காதே லா, எழுந்திரு" என்றார். வரிசையில் சிரித்தார்கள். அன்றைக்கு ஏப்ரனைக் கழற்றி வைத்தவன், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

குனிவதையும் அன்றோடு விட்டேன். சாவி கீழே விழுந்தால் என் மனைவி நோர்மாதான் எடுத்துத் தர வேண்டும். எங்கள் சுங்கை பினாங் ஃபிளாட்டில் லிஃப்ட் கெட்டுப்போனால் அன்று எனக்கு வெளியுலகமே கிடையாது.

இப்போது மகள் அஃப்ரீனுக்குக் கல்யாணம். நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக் கட்டிக்கொடுக்கலாம். முடியாதவர் அதை இமாமிடம் விட்டுவிடலாம், பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள்.

"அத்தா, நீங்கதான் குடுக்கணும்" என்றாள் அஃப்ரீன். "கீழ உக்காந்து. நாற்காலியில உக்காந்து குடுக்க நான் என்ன கவுண்டர்ல வாங்குற பார்சலா?"

வாயைப் பாருங்கள்! ஆனால் எனக்கும் ஆசைதான். ஒரே பெண். ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பிசியோ பார்க்கும் பெண், பெயர் ஃபரா, ஸ்கேனைப் புரட்டினாள். "வயசுக்கு உள்ள தேய்மானம்தான் அங்கிள். பழைய அடி எப்பவோ ஆறிருச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நான் நடிக்கிறேனா?"

"யாரு சொன்னா? வலி நிஜம்தான். ஆனா பயந்து பயந்து இடுப்பைக் கட்டை மாதிரி வச்சிருக்கீங்க. கோவம் வந்தா இன்னும் இறுகும். என்னைக்குக் கூடுது, பத்துக்கு எவ்வளவுன்னு எழுதிட்டு வாங்க."

எழுதினேன். மற்ற நாளெல்லாம் நாலு. வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்பது.

"வெள்ளிக்கிழமை அப்படி என்ன தூக்குறீங்க?" என்று கேட்டாள். ஒன்றும் தூக்குவதில்லை. ஜும்ஆவுக்கு அண்ணனும் வருவார், அவ்வளவுதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதம் வீட்டில் பழகினேன். முதலில் ஐந்து நிமிடம் தரையில், பிறகு பத்து, இருபது. ஒருநாள் நெற்றி தரையில் பட ஸஜ்தாவே செய்தேன். ஆனால் பள்ளியில் மட்டும் நாற்காலியை விடவில்லை.

"அதான் முடியுதே, அங்கயும் கீழ தொழுங்களேன்" என்றாள் நோர்மா.

"அண்ணன் பார்ப்பாரு. நடிப்புன்னு அன்னைக்கே சொன்னேனேம்பாரு."

"அவரு வாயை அடைக்கத்தான் மூணு வருஷமா வலியோட கெடக்குறீங்களா?"

வெட்கமாக இருந்தது. இடுப்பு குணமானால் அண்ணன் ஜெயித்துவிடுவார் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு புத்தி.

அண்ணன் அஃப்ரீனுக்குப் பெரியத்தா, அவரை அழைக்காமல் கல்யாணமா? நோர்மா போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நிக்காஹ் அன்று பள்ளியில் அண்ணன் முன்வரிசையில் இருந்தார். என் கதை தெரிந்த இமாம் எனக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தார். அண்ணனைப் பார்த்த நொடியே இடுப்பு இறுகியது. பெண்கள் பக்கத்திலிருந்து அஃப்ரீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கீழே உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை ஹைக்கலின் கை ஈரமாக இருந்தது, என் கையும்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டான். துஆ முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை. கால் மரத்து, இடுப்பு பிடித்துக்கொண்டது. அண்ணன் நேராக என் முன்னால் வந்து நின்றார். நூறு பேர் இருந்தார்கள்.

நடிப்பென்று சொல்வதானால் சொல்லட்டும் என்று தோன்றியது. "அண்ணே, கை குடுங்க. எழ முடியல."

அவர் கை கொடுக்கவில்லை. மெல்ல முழங்காலை மடக்கி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் இடுப்பில் கையை வைத்தார்.

"ரொம்ப வலிக்குதா தம்பி?"

நோர்மா இதைத் தினமும் கேட்டிருக்கிறாள். ஃபராவும் கேட்டிருக்கிறாள். அவர்களிடம் நம்பர் சொன்னேன்.

"வலிக்குதுண்ணே" என்று, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க, சின்னப் பிள்ளைபோல அழுதேன்.