மின்வில் ஓடும் திசை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பௌதிகப் படத்திலிருந்து கிடைத்தது. இரண்டு செம்புப் பட்டைகள், நடுவே காற்றில் மின்வில், பக்கத்தில் அது ஓடும் திசையைக் காட்ட ஓர் அம்புக்குறி. அந்த அம்பின் முனையில் ஓர் ஆளை நிறுத்தினால் என்ன ஆகும் என்று என் பாழாய்ப்போன புத்திக்குத் தோன்றியது.

2

முதல் தொடக்கம்: 'பேனல் அறையில் இடி விழுந்ததுபோல...' (வேண்டாம். எல்லாரும் இடியில்தான் தொடங்குகிறார்கள்.)

மறுபடியும்: தொழிற்சாலையின் பேனல் அறையில் ஃபோர்மேன் தன் மனைவியின் தம்பியிடம் சொன்னார். "கரண்ட் சப்ளை வர்ற பக்கம் நிக்காதடா. அந்தக் கடைசில போய் நில்லு."

பாசத்தில்தான் சொன்னார். அவனும் போய் நின்றான். சுவிட்சைப் போட்டதும், உள்ளே செம்புப் பட்டைகளுக்கு நடுவே யாரோ மறந்துவிட்ட ஸ்பேனர் வெடித்துத் தெறித்து, மின்வில் மூண்டது.

(கொஞ்சம் பௌதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். கொதித்துப்போன காற்று கம்பி மாதிரி மின்சாரத்தைக் கடத்தும், அதுதான் மின்வில். பட்டைகளில் பாயும் மின்சாரத்தின் காந்தவிசை அதைச் சப்ளைக்கு எதிர்ப்பக்கமாக நெட்டித் தள்ளும். கடைசி முனையில் போக்கிடமில்லாமல் அங்கேயே நின்று எரியும்.)

மறுநாள் ஃபோர்மேன் பேனலைத் திறந்து பார்த்தார். சப்ளைப் பக்கம் பட்டைகள் லேசாகக் கறுத்திருந்தன. கடைசி முனை உருகி வழிந்திருந்தது. தான் அவனை நிறுத்திய இடத்துக்குத்தான் மின்வில் ஓடியிருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

3

மருத்துவமனை. மைத்துனனுக்குக் கண்ணிலும் கையிலும் கட்டு. பார்வை திரும்பிவிடுமாம். (அவனைக் குருடாக்க எனக்கு மனசு வரவில்லை.)

"அத்தானா? நீங்க மட்டும் அங்க நிக்கச் சொல்லலன்னா நான் போய்ச் சேந்திருப்பேன்."

"உங்களக் கையெடுத்துக் கும்பிடணும்ங்க," என்றாள் ஃபோர்மேனின் மனைவி.

ஃபோர்மேன் கூனிக் குறுகிப்போனார்.

4

ஒரு முடிவு: அவர் சொல்லிவிடுகிறார், மைத்துனன் சிரித்து மன்னிக்கிறான். (இவ்வளவு சுலபமாக மன்னிக்கிற மைத்துனனை நான் பார்த்ததில்லை.)

இன்னொன்று: வாயே திறக்காமல் வீட்டுக்குப் போகிறார். இதை எழுதி முடித்து நிம்மதியாகத்தான் இருந்தேன். சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஆனால் மைத்துனன் என்னைக் கேட்காமலே மறுபடி பேசிவிட்டான்.

"வேலைக்குத் திரும்பினதும் நம்ம ஆளுங்க எல்லாரையும் அந்தக் கடைசிலதான் நிக்க வைக்கப்போறேன், அத்தான்."

ஃபோர்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவி இன்னும் நன்றியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அடுத்த வாக்கியத்தை எழுதி எழுதி அடித்துவிட்டேன். அவள் முகம் மாறுவதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொல்லாமல் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். கட்டை அவிழ்த்ததும் அவன் வேலைக்குப் போய்விடுவான்.